ரகுராஜ்பூரின் கொல்லைப்புறம்

புரியிலிருந்து புவனேஸ்வர் சாலையில் 10, 12 கிலோமீட்டர் போனால் சந்தன்பூர். அங்கே இறங்கித் தென்னை மரங்களுக்கு இடையே உள்ளே நடந்தால் ரகுராஜ்பூர் வந்துவிடும். எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள், நடுவில் சின்னச் சின்னக் கோயில்கள், சுவரெல்லாம் ஓவியம். ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா 1926இல் பிறந்த ஊர் இது. பாரம்பரியக் கிராமம் என்று பெயர் எடுத்தபின் பயணிகள் கூட்டத்துக்குக் குறைவில்லை. திண்ணையில் விரித்திருக்கும் பட்டசித்திரங்களைப் பார்த்து, விலை பேசி, வாங்கிக்கொண்டு போகிறார்கள். எனக்கோ அந்தப் படங்களைத் தாங்கும் துணியின் மேல்தான் கண். ‘பட்டி’ என்கிறார்கள் அதை.

பட்டி உருவாவது கொல்லையில். புளியங்கொட்டையை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, அரைத்து, மண்சட்டியில் காய்ச்சுகிறார்கள். விரலில் எடுத்தால் நூலாக இழுபடும் பசை கிடைக்கிறது. பழைய பருத்திச் சேலையை இரண்டு அடுக்காக வைத்து அந்தப் பசையால் ஒட்டுகிறார்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், பசை உள்ளே இறங்காது. துவைத்துத் துவைத்து நைந்த சேலைதான் உத்தமம். வெயிலில் காய்ந்ததும் வெள்ளைக்கல் பொடியை அதே பசையில் குழைத்து மேலே பூசி, மறுபடி காயவைக்கிறார்கள்.

அதற்கப்புறம்தான் உண்மையான உழைப்பு. நான் போன வீட்டில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையளவு கல்லை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் சொரசொரப்பான கல். மண்ணில் கால் இழுபடுவதுபோல் சத்தம். பிறகு வழவழப்பான கூழாங்கல். சத்தம் அடங்க அடங்க, துணியில் மெல்ல ஒரு பளபளப்பு ஏறியது. தடவிப் பார்த்தேன். இழை எதுவும் விரலில் தட்டவில்லை. மயிரிழைத் தூரிகை தடுக்காமல் ஓடுவதும், சங்குப்பொடி வெள்ளையும் விளக்குக்கரியும் விளாம் பிசினோடு கலந்து கசியாமல் நிற்பதும் இந்தத் தேய்ப்பினால்தான்.

நம் தஞ்சாவூர்ப் பலகைப் படத்திலும் பலாப்பலகைமேல் துணி ஒட்டப் புளியங்கொட்டைப் பசை பயன்பட்டதுண்டு. ஆனால் ஒடிசாவில் துணிக்கு இருக்கும் மதிப்பே வேறு. ஸ்நான பூர்ணிமையில் புரி கோயில் மூர்த்திகள் எல்லோருமாக 108 குடம் நீராடியபின் ஜகந்நாதருக்குக் காய்ச்சல் கண்டு, சுமார் 15 நாள் தரிசனம் கிடையாது. அந்த அனசர காலத்தில் மூலவர்களின் இடத்தில் வைத்து வணங்கப்படுவது பட்டியில் எழுதிய படங்கள்தான்.

இவ்வளவு பெரிய காரியத்துக்கு அடித்தளம் போடுகிறவர்கள் யார்? பசை காய்ச்சுவதும் ஒட்டுவதும் தேய்ப்பதும் காலங்காலமாகப் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள். இன்று பெண்களும் தூரிகை பிடிக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனாலும் நான் அங்கே பார்த்த படங்களில் கையெழுத்து இருந்தால் அது வரைந்தவருடையதுதான். இது எனக்கு ஒப்பவில்லை. பட்டி செய்தவரின் பெயரும் படத்தில் ஏற வேண்டும். வாங்குகிறவர்கள் விலை பேசும் முன்னே அந்தப் பெயரைக் கேட்க வேண்டும். சுற்றிலும் அத்தனை அகலமாகப் பூவேலைக் கரை ஓடுகிறதே, அதில் இன்னொரு பெயருக்கு இடமா இல்லை?