கொள்ளிடத்து மணலில் ஒரு பகல்

பங்குனி பிறந்தால் திருச்சிக்காரர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு பாலைவனம் கிடைத்துவிடுகிறது. ஸ்ரீரங்கத்தின் வடகரையில், பஞ்சக்கரைச் சாலையிலிருந்து இறங்கினால், எதிர்க்கரைத் தென்னைகள் கானலில் நடுங்கும் அளவுக்கு மணல் பரந்து கிடக்கும். கொள்ளிடம் இப்படி வறண்டு கிடப்பதற்கு மழை பொய்ப்பது மட்டும் காரணமில்லை. பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் மேலணையைக் கட்டத் தொடங்கிய முக்கொம்பில்தான் கொள்ளிடம் காவிரியிலிருந்து பிரிகிறது. பாசனத்துக்கான தண்ணீர் காவிரிக்கு, மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்துக்கு என்பதுதான் அங்கே நடைமுறை. மேட்டூர் அணை நிரம்பி வழியாத மாதங்களில் இந்த ஆற்றுக்கு வேலையே இல்லை. அந்த மாதங்களில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்குகள் கரையோரம் வரிசையாக நிற்கின்றன. கிரிக்கெட் மட்டை, பிரியாணிப் பொட்டலம், நாலைந்து சிநேகிதர்கள் போதும். கட்டணம் கிடையாது, வாயிற்காவலர் கிடையாது, கேள்வி கேட்க ஆளும் கிடையாது. கால் சுடும் மணலில் ஓடிக் களைத்தவனுக்கு, சற்றுத் தள்ளிப் பச்சையாகத் தேங்கி நிற்கும் தண்ணீர் கண்ணில் படும். அன்றைய நாளின் உச்சமே அந்தத் தண்ணீரில் குதிப்பதுதான். சில ஞாயிறுகளில் குதித்தவர்கள் எல்லாரும் கரையேறுவதில்லை.

மறுநாள் செய்தியில் நான்கு வரி வரும். கீழே வாசகர்கள் ஒரே தீர்ப்பைத்தான் எழுதுவார்கள்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயமில்லை, பெரியவர்கள் சொல்லைக் கேட்பதில்லை. அந்தத் தீர்ப்பு தவறு என்றே நினைக்கிறேன். சாகசத்தை நாடிப் போவது அந்த வயதின் இயல்பு. எந்தத் தலைமுறையும் அதற்கு விலக்கில்லை. இன்று கொள்ளிடத்தில் உயிரை வாங்கும் ஆபத்தில் பெரும்பகுதியை மணலை விற்றவர்களும், ஆற்றைத் திறந்து மூடுகிறவர்களுமான நாம்தான் உண்டாக்கினோம். உண்டாக்கியதற்கு அடையாளம்கூட வைக்காமல் விட்டோம். நாம் உண்டாக்கிய ஆபத்தாக இருப்பதால்தான் அதைக் குறைக்கவும் நம்மால் முடியும்.

முதலில் குழிகளைப் பார்ப்போம். ஆற்று மணலை அரசே எடுத்து விற்பது 2003இல் தொடங்கியது. குவாரிக்கு அனுமதி பொதுவாக ஒரு மீட்டர் ஆழத்துக்குத்தான். அதை மீறித் தோண்டுகிறார்கள் என்ற வழக்குகள் மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் பலமுறை போயிருக்கின்றன. 2023இல் அமலாக்கத்துறை கான்பூர் ஐஐடியின் துணையோடு குவாரிகளை அளந்தது. திருச்சி, கரூர், தஞ்சாவூர் ஆட்சியர்கள் உட்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்குச் சம்மன் போய், விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்டச் சண்டை எப்படியும் போகட்டும். பொக்லைன் தோண்டிய குழியில் என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. ஆற்றின் அடியில் ஊற்று இருப்பதால் கோடையிலும் குழியில் தண்ணீர் நிற்கும். ஓட்டம் இல்லாத அந்தத் தண்ணீர் குளம்போலச் சாதுவாகத் தெரியும். ஆறு தானாக அரித்த பள்ளத்தில் பெரும்பாலும் சரிவு மெல்ல இறங்கும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று உடம்புக்கு முன்னறிவிப்பு கிடைக்கும். இயந்திரம் வெட்டிய குழியின் ஓரமோ சுவர் மாதிரி. ஓர் அடி இடுப்பளவு, அடுத்த அடியில் தரையே இல்லை. ஈர மணல் ஆள் ஏறாதவரைக்கும்தான் சுவராக நிற்கும். தண்ணீருக்குள்ளிருந்து ஒருவன் கையை ஊன்றி எம்பினால் விளிம்பு கரைந்து அவன் மேலேயே சரிகிறது. மறுபடி எம்புகிறான், மறுபடி சரிகிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் கரை அவனைவிட்டு ஒரு முழம் பின்வாங்குகிறது. நீச்சல் தெரிந்தவன்கூட இப்படித்தான் பத்தடி தூரத்தில் களைத்துப் போகிறான்.

மடுவும் சுழலும் அந்தக் காலத்து ஆற்றிலும் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன. ஆனால் அவை ஆற்றின் வளைவிலும் பாறை ஓரத்திலும் வருடா வருடம் ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தன. மாடு குளிப்பாட்டுகிறவருக்கும் பரிசல்காரருக்கும் அவை தெரியும். எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்பது பாட்டன் சொல்லிப் பேரன் வரை வந்து சேர்ந்தது. குவாரிக் குழிக்கு அந்த மரபு கிடையாது. இந்தக் கோடையில் இங்கே, அடுத்த கோடையில் அரை மைல் தள்ளி. போதாக்குறைக்கு, இடையில் வரும் வெள்ளம் அரைகுறையாக மூடி, மேலே கெட்டித் தரைபோலத் தோன்றும் பொலபொலத்த மணலை விட்டுப் போகிறது. கரையோரக் கிராமத்து முதியவருக்கே தெரியாத ஆழத்தை உறையூரிலிருந்தும் துவாக்குடியிலிருந்தும் வந்த கல்லூரிப் பையன் எப்படி அறிவான்?

இரண்டாவது, தண்ணீர் வரும் விதம். திருச்சியில் வானம் வெளுத்துக் கிடக்கும்போதே கொள்ளிடத்தில் வெள்ளம் வரலாம். குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை அது. அந்த வேகம் எப்படிப்பட்டது என்பதற்கு 2018 ஆகஸ்ட் சாட்சி: முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் 9 மதகுகள் ஓர் இரவில் அடித்துச் செல்லப்பட்டன, 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் அதே மாதத்தில் சாய்ந்தன. ஆனாலும் இந்த வெள்ளம் சொல்லாமல் வருவது இல்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பை எட்ட நேரம் பிடிக்கிறது. வழியில் பவானியும் அமராவதியும் சேர்ந்து கணக்கைக் கூட்டினாலும், அங்கேயும் அணைகளும் அளவீடுகளும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்ன வரும் என்பது முன்கூட்டியே பொறியாளருக்குத் தெரியும். அறிக்கையும் விடுகிறார்கள், கரையோர ஊர்களில் தண்டோராவும் போடுகிறார்கள். ஆனால் தண்டோரா காதில் விழுவது அங்கேயே வாழ்கிறவர்களுக்கு. மணலில் இருப்பவர்களோ வேறு இடங்களிலிருந்து பைக்கில் வந்தவர்கள். சேதி இருக்கிறது, சேர வேண்டியவரிடம் சேரவில்லை.

பலரும் சொல்லும் எதிர்வாதம் குடி. குடித்துவிட்டு இறங்குகிறார்கள், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். குடி நிதானத்தையும் மூச்சடக்கும் திறனையும் கெடுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. தண்ணீர் அருகே பாட்டிலைத் திறப்பதை நான் எந்த விதத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் குடும்பத்தோடு குளிக்கப் போன குழந்தைகளும் இதே ஆறுகளில் மூழ்கியிருக்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்தியாவில் சுமார் 38 ஆயிரம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அத்தனை பேரையும் குடிகாரர் பட்டியலில் எழுதிவிட முடியாது. இன்னொரு வாதம், தடை போட்டுவிடுங்கள் என்பது. முக்கொம்பிலிருந்து கல்லணை வரைக்கும் இரு கரையிலும் எத்தனை வண்டிப்பாதை, எத்தனை ஒற்றையடிப்பாதை? வேலி போட முடியாத ஆற்றுக்குத் தடை என்பது ஒரு போர்டு மட்டுமே. அதைவிட முக்கியமாக, ரிசார்ட்டுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு இந்த ஊரில் மிஞ்சியிருக்கும் பெரிய திறந்தவெளி இது. அதையும் பிடுங்குவது நியாயமாகப் படவில்லை.

நீச்சல் கற்றுக்கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சிநேகிதர்கள் ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேராகச் சாவதைக் கவனித்தால் வேறொன்று புலப்படும். முதல் ஆள் தவறி விழுகிறான். மற்றவர்கள் அவனைக் காப்பாற்றக் குதிக்கிறார்கள். மூழ்குகிறவன் கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பான், அது நண்பனின் கழுத்தாக இருந்தாலும். அவர்களைக் கொல்வது அசட்டுத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நட்புதான் அவர்களை இறக்குகிறது. அந்த நட்புக்குச் செய்முறை தெரியவில்லை, அவ்வளவே. 2020 ஆகஸ்டில், முன்பு திருச்சி மாவட்டத்தில் இருந்த பெரம்பலூர்ப் பகுதியில், மருதையாற்றுக் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நடந்தது இது. கிரிக்கெட் ஆடிவிட்டுக் குளிக்க வந்த இளைஞர்களில் நான்கு பேர் மூழ்கினார்கள். கரையில் இருந்த மூன்று கிராமத்துப் பெண்கள் கட்டியிருந்த புடவையைச் சட்டென்று அவிழ்த்து, முனையைத் தண்ணீருக்குள் எறிந்தார்கள். இரண்டு பேர் அதைப் பற்றிக் கரை சேர்ந்தார்கள். மற்ற இருவரை எட்ட முடியவில்லை. அரசு அந்த மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. விருதோடு நில்லாமல், அவர்கள் செய்ததைப் பாடமாக்கியிருக்க வேண்டும். வேட்டி, துப்பட்டா, நீளக் கொம்பு, காலி பிளாஸ்டிக் குடம் எது கிடைத்தாலும் எறி, நீ கரையிலேயே நில். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகளிலும், அருகில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பாக மீட்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது ஒன்று.

இதெல்லாம் நம் ஊரில் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்கு வரலாம். படித்துறையில் தடுப்பு கட்டியிருக்கும், தீயணைப்பு வீரர்கள் நிற்பார்கள், ஒலிபெருக்கி ஓயாது. ஆற்றில் வேகம் அதிகம் என்றால் படியைத் தாண்ட விடுவதில்லை. கூட்டம் நெரியும் அந்த நாளில் கவனிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, கொள்ளிடத்து ஞாயிறுகள் எட்டாத விஷயமாக இருக்க முடியாது. அவ்வளவு ஆள்பலமும் இங்கே தேவைப்படாது. வெள்ளம் வடிந்ததும் படுகையை ஒருமுறை அளந்து, குழியைச் சுற்றிக் கொடி கட்டிய கம்புகளை நடலாம். இறங்கத் தகுந்த ஓரிரண்டு இடங்களைச் சமன்படுத்தி, இங்கே குளிக்கலாம் என்று துணிந்து எழுதி வைக்கலாம். கூடாது என்பதை மட்டுமே சொல்லும் போர்டை யாரும் படிப்பதில்லை. எங்கே கூடும் என்று சொல்வதைப் படிப்பார்கள். வண்டிகள் நிற்கும் ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு கயிறும் காற்றடைத்த லாரி டியூபும் தொங்கட்டும். ஆண்டுக்கணக்காக மணல் விற்ற வருவாய் அரசுக்கு வந்திருக்கிறது. கம்புக்கும் கயிற்றுக்கும் ஆகும் செலவை அந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும்.