பாலைக்கு நிலமில்லை

சென்ற டிசம்பர் விடுமுறையில் நான் ஒரு நாட்டை உண்டாக்கினேன். பெயர் சுரநாடு. முழுக்க மணல். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்த அதன் வரைபடம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

உண்டாக்கச் சொன்னவன் தம்பி. தரம் 9இல் படிக்கும் அவனுக்கும் அவனுடைய கூட்டாளிமார் மூவருக்கும் அப்போது ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ நுழைந்து, தாம் செய்யப்போவதைச் சொல்ல வேண்டும். அது பலிக்குமா இல்லையா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். அமெரிக்காவில் 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டுத்தான் இதற்கு மூலம். அதற்கு இருபது முகமுள்ள கட்டை வேண்டும். எங்கள் விறாந்தையில் இருந்தவை இரண்டு லூடோக் கட்டைகள்தான்.

அவர்களுக்குப் பாலைவன நாடுதான் வேண்டுமாம். அந்த விளையாட்டுக்கென்றே ஜெஃப் கிரப் என்பவர் எழுதிய ‘அல்-காதிம்’ என்ற நூல் 1992இல் வந்திருக்கிறது. அதில் ஸக்காரா என்றொரு கற்பனை நாடு. ஹுஸூஸ் என்ற நகரில் ஒரு பெரிய கலீபா, ஜின்களை ஏவும் மந்திரவாதிகள், பேய்கள் உலாவும் மணல்வெளிகள் என்று ஆயிரத்தொரு இரவுகள் கதைகளின் சாயலில் பிறந்த நாடு. நூல் ஆங்கிலத்தில் இருந்ததால் தம்பிக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது.

“ராத்தா, நீங்க தமிழ் படிக்கிறீங்கதானே. நமக்கு ஒரு நாடு செஞ்சி தாங்க” என்றான்.

உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாக எடுத்தவளுக்கு வேறென்ன வேண்டும்? பாலைத் திணை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வழிப்பறி செய்யும் ஆறலைகள்வர், வற்றிய சுனை, பட்ட மரத்தில் ஒரு பருந்து, கண்ணை ஏமாற்றும் கானல்நீர் என்று எல்லாவற்றையும் வைத்தேன். ஸக்காராவிலிருந்து ஒரு ஜின்னையும் கடன் வாங்கினேன். கள்வரைத் தவிர மனிதர் எவரையும் வைக்கவில்லை. பாலைவனம் என்றால் வெறுமைதானே என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் இரவு வாப்பா கதிரையில் இருந்தபடி எங்கள் விளையாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினொரு வருடம் சவூதியில் தண்ணீர் பவுசர் ஓட்டிவிட்டு, அவர் ஊரோடு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டார். “அங்க எப்படி வாப்பா?” என்று தொலைபேசியில் எத்தனை தடவை கேட்டாலும் “நல்லா இரிக்கன் மகள்” என்ற ஒரே பதில்தான். ஆகவே, நானே எனக்கென்று ஒரு சவூதியைச் சின்ன வயதில் செய்து வைத்திருந்தேன். கம்பளிப் போர்வையும் டேங் டின்னும் சொக்லட்டும் விளைகிற நாடு அது.

அன்று வாப்பா எழுந்து வந்து வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்.

“இதுல தண்ணி எங்க மகள்?”

“இது பாலைவனம் வாப்பா. தண்ணி இல்ல.”

வாப்பா சிரித்தார். “தண்ணி இல்லாத பக்கம் ஒருத்தனும் போக மாட்டான். பாதையே தண்ணியப் பார்த்துத்தான் போகும்.”

பேனையை வாங்கி வரையத் தொடங்கினார். முதலில் ஹுபூப் நகரம். அது இருக்கும் அல்-அஹ்ஸா பாலைவனச் சோலையில் 25 இலட்சம் பேரீச்ச மரங்கள் உண்டு. யுனெஸ்கோ 2018இல் அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதற்குத் தெற்கே ருப்உல் காலி, ‘வெறுமையான கால்பங்கு’ என்று பொருள்படும் மணற்கடல். பரப்பு ஏறத்தாழ ஆறரை இலட்சம் சதுர கிலோமீற்றர். நம் இலங்கையைப் போல் பத்து மடங்கு.

அதன் ஓரத்திலுள்ள வேலையாட்களின் முகாம்களுக்குத்தான் வாப்பாவின் பவுசர் ஓடியிருக்கிறது. வெறுமை என்று பெயர் பெற்ற அந்த இடத்தை வாப்பா ஆட்களால் நிரப்பினார். இங்கே ஒரு மலையாளியின் தேநீர்க் கடை. இங்கே ஒட்டகம் மேய்க்கும் சூடான்காரர்; தனக்கு முன்னே ஒட்டகங்களுக்குத் தண்ணீர் கேட்பவர். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது சட்டம். அந்த மூன்று மணி நேரமும் வாப்பாவின் பவுசர் நிழலில் நேபாளத்துப் பொடியன்மார் வரிசையாகத் தூங்குவார்களாம்.

கடைசியாக ஒரு புள்ளி வைத்தார். “இதுலதான் ஒரு நாள் பவுசர் நிண்டிட்டு. காலையில நிண்டது, இரவுதான் ஒரு வாகனம் வந்த. போனும் வேல செய்யல்ல. தண்ணிக்குப் பயமில்ல, பின்னால டாங்க் நிறையத் தண்ணி. ஆனா அண்டைக்குத்தான் உன்ட ஸ்கொலசிப் ரிசல்ட்.”

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. இஷா வரை உம்மாவின் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வாப்பா எடுக்கவில்லை. அதன்பிறகு அவர் எடுத்தபோதெல்லாம், “தூங்கிட்டா எண்டு சொல்லுங்க” என்று உம்மாவிடம் சொன்னேன். ஒரு கிழமை அப்படியே போனது.

“ஏன் வாப்பா சொல்லல்ல?”

“சொன்னா நீங்க பயந்திருப்பீங்க.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தொல்காப்பியர் நான்கு திணைகளுக்கு நிலம் சொன்னார், பாலைக்குச் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்றார் இளங்கோ. பாலையின் உரிப்பொருள் பிரிவு. இதையெல்லாம் புள்ளிக்காக மனப்பாடம் செய்தவள் நான். எங்கள் ஊர் நெய்தல். பத்து நிமிடம் நடந்தால் கடல். ஆனாலும் பதினொரு வருடம் எங்கள் வீட்டுக்குள் இருந்தது பாலைதான். நிலமில்லாத அந்தத் திணை எந்த ஊரிலும் வந்து குடியேறும் என்பது அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்றும் விளங்கியது. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை ஆறும் வயலுமாகப் பாடியதைப் படித்தபோது நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அவர் ‘சுரத்திற் புனலழைத்த படல’மும் பாடியவர், சுரம் எது என்று தெரியாதவர் அல்லர். தான் நேசித்த தூரத்து நாட்டுக்குத் தன் மண்ணின் செழிப்பையே கொடுத்திருக்கிறார். ஜெஃப் கிரப் ஜின்களைக் கொடுத்தார். நான் சொக்லட் கொடுத்தேன். வாப்பாவிடம் கேட்டிருந்தால் உண்மையான நாடு கிடைத்திருக்கும். ‘எப்படி இருக்கிறீங்க’ என்று கேட்கத் தெரிந்த எனக்கு, ‘அங்கே தண்ணீர் எங்கே, பக்கத்தில் யார்’ என்று கேட்கத் தெரியவில்லை. தோழியரே, நம்மில் பலருடைய வீடுகளில் இப்படி ஒருவர் கடல் கடந்து இருக்கிறார், அல்லது திரும்பி வந்து பேசாமல் இருக்கிறார்.

சுரநாட்டில் இப்போது ஒரு தேநீர்க் கடையும் ஒரு பவுசரும் உண்டு. வழியில் எவரைக் கண்டாலும் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது வாப்பா போட்ட விதி. அதற்குக் கட்டை உருட்டத் தேவையில்லை.

தம்பியின் கூட்டாளி ஒருவனின் வாப்பா கட்டாரில் இருக்கிறார். அவன் அந்த வரைபடத்தைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினான். மறுநாள் வந்தவன் கட்டையைக் கூடத் தொடவில்லை. பேனையை எடுத்து, மணலுக்கு நடுவே சின்னதாக ஒரு மரம் கீறினான்.

“இதுக்குக் கீழதானாம் எங்கட வாப்பா பகலைக்குச் சோறு தின்னுற” என்றான்.