பெரியவர்கள் வெளியே சொல்லாத பிரச்சினை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் சில பெரியவர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடித்திருக்க மாட்டார்கள். நடுவில் பஸ் நிற்காதே என்ற பயம்தான். சர்க்கரை, பிரஷர் என்றால் ஊருக்கே சொல்பவர்கள் இதை மட்டும் வீட்டில்கூட சொல்வதில்லை.

விஷயம் புரோஸ்டேட். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. வயதாக ஆக வீங்கிக் குழாயை நெருக்கும். அதனால்தான் ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பதும், போன பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுவதும். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல, அதுவாக மாறுவதும் இல்லை. ஆனால் அதே சுரப்பியில் புற்றுநோய் தனியாக வரலாம். பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று... மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் சில சளி மாத்திரைகளால் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளலாம். அப்போது டியூப் போட்டே ஆகணும். சும்மா விட்டால் கிட்னி வரை போய்விடும்.

சிதம்பரம் அண்ணாமலை நகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் இருந்தது. வெட்கப்படாமல் போய்க் காட்டலாம். டாம்சுலோசின் சில நாளில் கேட்கும். பினாஸ்டிரைடுக்கு ஆறு மாதமாவது பொறுக்கணும். மாத்திரைக்கு மசியாவிட்டால் வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்க்குழாய் வழியாகவே சுரண்டி எடுப்பார்கள். பிறகு சில நாள் சிறுநீரில் லேசாக ரத்தம் வரும், பயப்பட வேண்டாம். கட்டிகட்டியாக வந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் ஓடணும்.