ஜூலிக்கு மூன்றாவது தையல்

எங்கள் ஜூலிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். 2016ல் போபாலில் இருந்தபோது கைக்குட்டியாக வந்தவள். அப்புறம் எனக்கு நாக்பூருக்கு மாற்றல். இரண்டு ஊரிலும் ஹிந்தியில் யார் என்ன சொன்னாலும் காதை மட்டும் ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்வாள். "வா", "உட்காரு", "தயிர்சாதம்"... இந்த மூன்றுக்கும் உடனே ஆஜர். ஜாதி லாப்ரடார், வளர்ப்பு மாம்பலம் :-)

2024 ஜனவரியில் குளிப்பாட்டும்போது மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, இவ வயித்துல பட்டாணி மாதிரி என்னமோ இருக்கு." தொட்டுப் பார்த்தேன். காம்புக்குப் பக்கத்தில், தோலுக்கு அடியில் உருண்டது. கொழுப்புக் கட்டியாக இருக்கும், மார்ச் குளோசிங் முடியட்டும், டாக்டரிடம் போகலாம் என்றேன். தவணை ஒரு நாள் தவறினால் வாடிக்கையாளருக்குப் போன் போடுகிற ஆசாமி நான். என் வீட்டு விஷயத்தில் மூன்று மாதம் வாய்தா வாங்கினேன். ஏப்ரலில் பட்டாணி எலுமிச்சை ஆகியிருந்தது.

கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு இந்த மார்பகக் கட்டி நிறைய வருமாம். முதல் முறை ஹீட் வருவதற்கு முன்பே கருத்தடை செய்திருந்தால் இது வருவதே அபூர்வம் என்றார் டாக்டர். "பாவம், குழந்தைக்கு எதுக்கு ஆபரேஷன்" என்று அன்றைக்கு விட்டவர்கள் நாங்கள்தான்.

ஜூனில் இடப்பக்கக் காம்பு வரிசை முழுவதையும் எடுத்தார்கள், கருத்தடையும் சேர்த்து. மயக்கம் தெளியும்போது எழுந்து எழுந்து விழுந்தாள். கம்பவுண்டர் "பைட்டோ பேட்டா, பைட்டோ" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். யாருக்குப் புரியும்? தங்கமணி உள்ளே போய், "ஜூலிக்கண்ணு, படும்மா" என்றாள். அவ்வளவுதான், தலையை அவள் மடியில் போட்டுவிட்டது குழந்தை. அடுத்த முறை கட்டு மாற்றப் போனபோது கம்பவுண்டரே "உட்கார்மா, உட்கார்மா" என்றார்!

2025 பிப்ரவரியில் வலப்பக்கம் இன்னொரு கட்டி.

எனக்கு மனசு வரவில்லை. வயது ஒன்பது ஆகப்போகிறது. மறுபடி கழுத்தில் அந்தப் பிளாஸ்டிக் கூம்பு, மறுபடி கதவு நிலையில் இடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிற அந்தப் பார்வை... "போதும், இருக்கிற வரை நிம்மதியா இருக்கட்டும்" என்றேன். உண்மையைச் சொன்னால், நிம்மதி தேவைப்பட்டது எனக்குத்தான்.

டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். நுரையீரலுக்குப் பரவவில்லை, எடுக்கலாம், ஆனால் திரும்ப வராது என்று எழுதித் தர முடியாது என்றார். வாசலில் வைத்து தங்கமணி கேட்டாள்: "லோன் குடுக்கறச்சே நீங்க கேரண்டி கேப்பேள். இவ நம்மகிட்ட என்ன கேட்டா?"

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

முதல் இரண்டு முறையும் மருந்து, செலவு எல்லாவற்றுக்கும் எக்செல் ஷீட் போட்டு வைத்திருந்தேன். மூன்றாவது முறை மருந்து நேரம் மட்டும் எழுதினேன். கூட்டல் போடவில்லை. பதினாலாம் நாள் தையல் பிரித்தார்கள். அன்று ராத்திரி தயிர்சாதம் இரண்டு தட்டு.

உங்கள் வீட்டிலும் பெண் நாய் இருந்தால் ஒன்று சொல்கிறேன். கருத்தடையைப் பற்றி டாக்டரிடம் காலத்தில் கேளுங்கள். வாரம் ஒரு முறை வயிற்றைத் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவு தட்டுப்பட்டாலும் மறுநாளே போய்விடுங்கள். எந்த குளோசிங்கும் காத்திருக்கும்.

நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிறேன். நான் என்ன தேடுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. கொஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நான்கு காலையும் தூக்கி, தழும்பு தெரிய மல்லாந்து படுத்துக்கொள்கிறாள். அந்த மூன்று மாதத்தை அவள் கணக்கிலேயே வைத்துக்கொள்ளவில்லை. நான்தான் வைத்திருக்கிறேன்.