வில்லனின் கையில் கல்லைக் கொடுப்பது யார்?

காமிக்ஸ் ரசிகர்களின் சண்டை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். யாருக்குச் சக்தி அதிகம், யார் யாரை அடிப்பார் என்பதோடு அது முடிந்துவிடும் என்று நினைப்பார்கள். நான் சமூகவியல் முதுகலை படித்த காலத்தில், வகுப்பில் கேட்ட பல விவாதங்களைவிட விடுதி அறையில் மேக்னீட்டோவை வைத்து நடந்த சண்டைகள்தான் இன்று என் வேலைக்கு உதவுகின்றன.

மேக்னீட்டோ, எக்ஸ்-மென் கதைகளின் முதல் வில்லன். பிறவியிலேயே வேறுபட்ட சக்திகளோடு பிறந்து, அதற்காகவே மற்றவர்களால் வெறுக்கப்படுகிறவர்கள் மியூட்டன்ட்கள். மனிதர்களோடு இணங்கி வாழலாம் என்கிறார் பேராசிரியர் சேவியர். அவர்கள் நம்மை வாழவிட மாட்டார்கள் என்கிறார் மேக்னீட்டோ. 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கியபோது அவர் வெறும் அடாவடிக்காரர். 1964இல் அவர் ஒரு கூட்டம் சேர்க்கிறார். அதன் பெயரே ‘தீய மியூட்டன்ட்களின் சகோதரத்துவம்’. உலகத்தில் எந்த இயக்கமாவது தன் பெயர்ப்பலகையில் தன்னையே தீயது என்று எழுதிக்கொள்ளுமா? அந்தப் பலகையை எழுதியது யார் கை என்று அப்போதே தெரிந்துவிடுகிறது.

1981இல் வந்த 150ஆம் இதழில் கிறிஸ் கிளேர்மாண்ட் எல்லாவற்றையும் மாற்றினார். மேக்னீட்டோ ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர் என்று வாசகருக்குத் தெரிந்தது. அதே இதழில் அவர் ஒரு சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை ஆட்களோடு மூழ்கடிக்கிறார். சண்டையில் கிட்டி பிரைட் என்ற யூதச் சிறுமியை அடித்து வீழ்த்துகிறார். அவளுக்குப் பதின்மூன்று வயது. குழந்தையைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்த கணத்தில், தான் யாரைப் போல ஆகிவிட்டோம் என்பது அவருக்கு உறைக்கிறது. 1985இல், 200ஆம் இதழில், பாரிஸில் அவர் விசாரணையை எதிர்கொள்கிறார். பிறகு சேவியரின் பள்ளியையே நடத்துகிறார். செய்த கொலையும் அதில் இருக்கிறது, கேட்ட கேள்வியும் இருக்கிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்கவில்லை.

இது நீடிக்கவில்லை. 1991இல் புதிய எக்ஸ்-மென் வரிசை தொடங்கியபோது அவர் மறுபடி எதிரியானார். 2003-04இல் கிராண்ட் மாரிசன் எழுதிய ‘பிளானட் எக்ஸ்’ கதையில், போதை மருந்துக்கு அடிமையாகி, மன்ஹாட்டனில் மனிதர்களை எரிஉலைகளுக்கு அனுப்புகிறார். ஆஷ்விட்ஸில் தப்பியவர் எரிஉலை கட்டுகிறார்! கடைசியில் வுல்வரின் அவர் தலையை வெட்டுகிறார். ரசிகர்கள் கொதித்தார்கள். அதே 2004இல் கிளேர்மாண்ட் திரும்பிவந்து, மேக்னீட்டோ உயிரோடுதான் இருக்கிறார், செத்தது போலி என்று எழுத, அதற்கும் பாதிப்பேர் சிரித்தார்கள்.

விடுதியிலும் இரண்டு கட்சி. பாதிக்கப்பட்டவன் என்பதால் கொலைக்கு உரிமம் கிடையாது, அவன் தொடக்கத்திலிருந்தே கொலைகாரன்தானே என்றது ஒரு கட்சி. நியாயமான பேச்சுதான். மேக்னீட்டோவைப் புனிதராக்கி, சட்டையில் அவர் பெயரைப் போட்டுத் திரிகிறவர்களோடு எனக்கும் உடன்பாடில்லை. நீர்மூழ்கிக் கப்பலில் செத்தவர்களுக்கும் குடும்பம் இருந்திருக்கும். ஆனால் கதையில் வரும் ஆள் தானாக எதையும் முடிவுசெய்வதில்லை. கப்பல் மூழ்கியதில் அந்த மனிதரின் கோபம் இருந்தது, அதற்கு அவர் பதில் சொல்லவும் நேர்ந்தது. எரிஉலையில் எனக்குத் தெரிவது எழுதியவரின் அவசரம். வாசகர் அவர் பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்ற பயம்.

தமிழ் வாசகர்களின் செல்லப்பிள்ளை இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் பிரிட்டனில் தொடங்கிய மூலக்கதையில் அந்த வெள்ளைக்கார ஆய்வக உதவியாளர் முதலில் குற்றவாளிதான். ஒரு மின்விபத்தைக் காரணம் காட்டி அவரை மன்னித்து, நாயகனாக்கி, உளவுத்துறையிலும் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்கு அந்தத் தகுதி உண்டா என்று யாரும் பட்டிமன்றம் நடத்தியதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளோடு 2018இல் வந்த ‘பிளாக் பாந்தர்’ படத்தைப் பார்த்தோம். உலகமெங்கும் கறுப்பர்கள் அடிபட்டபோது வளமான வகாண்டா ஏன் ஒளிந்துகொண்டது என்று கேட்கிறான் வில்லன் கில்மாங்கர். கூட வந்த காதலியைச் சுட்டுக்கொல்கிறான். மூலிகைத் தோட்டத்து மூதாட்டியின் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறான். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள்: “அக்கா, அந்தப் பாட்டி கழுத்தப் புடிக்கிற சீன் இல்லன்னா நாம எல்லாரும் அவன் பக்கம் போயிருப்போம். அதான் வெச்சிருக்காங்க.” அவள் வகாண்டா பிற்பாடு கதவைத் திறந்ததையும் கவனித்திருந்தாள். “கேட்டவன் செத்ததுக்கு அப்புறம்தான் குடுக்கறாங்க,” என்றாள்.

இந்த உத்தி எனக்குப் படத்தில் பார்த்துப் பழகியது அல்ல. சுடுகாட்டுப் பாதைக்காகவோ, கோயில் தெருவில் அடிபட்டதற்காகவோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கப் போவோம். நம் புகாருக்கு ரசீது வாங்குவதற்குள் எதிர்மனு வந்திருக்கும். நம் பையன் ஒருவன் கல் எறிந்தான் என்று. சில நேரம் எறிந்தும் இருப்பான், அதை நான் மறைப்பதில்லை. சமாதானக் கூட்டத்தில் அரைநாள் முழுக்க அந்தக் கல்லைப் பற்றியே பேசுவார்கள். எவ்வளவு பெரியது, எந்தக் கையால் எறிந்தான், அவன் யார் பேச்சைக் கேட்டு ஆடுகிறான். பாதை என்ற சொல் அங்கே ஒருமுறைகூட வராது. சமயத்தில் எறியாத கல்லும் தாளில் ஏறிவிடும். காவல் நிலையத்தில் புகாரை எழுதும் காவலரின் பட்டப்பெயரும் ‘ரைட்டர்’தான்.

மாலை வகுப்பில் இப்போது 150ஆம் இதழைத் தமிழில் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிட்டி விழுந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். மேக்னீட்டோவை என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, மன்னிக்கக் கூடாது என்றவர்கள் ஏழு பேர், கப்பல்காரர்களின் வீட்டாரிடம் கேட்க வேண்டும் என்றவர்கள் நான்கு பேர். பிளாக் பாந்தர் பற்றிச் சொன்ன பெண் மட்டும், முதலில் அவர் என்ன கேட்டார் என்பதை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள்.