கரிமண்ணின் பூர்வீகம்

பருத்திமாரைக் குழியில் போட்டு எரித்துக் கரியாக்குவதை ஒரு பயிற்சியில் காட்டினார்கள். மேலே வெள்ளைச் சாம்பல் படியத் தொடங்கியதும் அடுத்த கட்டைப் போட வேண்டும். காற்று உள்ளே புகாமல் மேலிருக்கும் தீயே காத்துக்கொள்கிறது. கடைசியில் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். "அமேசான்காரங்க ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சதுதான் சார் இது" என்றார் பயிற்சி கொடுத்தவர். நிஜமாகவா என்று தேடத் தொடங்கினேன்.

தேடினால் முதலில் அகப்படுவது பத்தொன்பதாம் நூற்றாண்டு. பிரேசிலின் சான்டரெம் பக்கம் அலைந்த அமெரிக்கர் ஹெர்பர்ட் ஸ்மித், அங்கே கரும்பும் புகையிலையும் கொழித்து வளரும் கறுப்பு மண்ணைப் பற்றி 1879-இல் எழுதியிருக்கிறார். தோண்டினால் பானை ஓடுகள் வந்தன. பழைய ஊர்களின் குப்பைதான் இப்படி மண்ணாகியிருக்கிறது என்று அப்போதே சரியாக ஊகித்துவிட்டார். பிறகு நெடுநாள் பெரிய பேச்சில்லை. நெதர்லாந்தின் மண்ணியலாளர் விம் சோம்ப்ரூக் 1966-இல் 'அமேசான் மண்கள்' நூலை வெளியிட்டார். 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில், தலைமுறை தலைமுறையாக எருவிட்டுக் கறுத்த சிறு நிலத்தில் விளைந்ததைத் தின்று பிழைத்த குடும்பம் அவருடையது. அமேசானின் கறுப்பு மண் அவர் கண்ணில் பட்டதில் ஆச்சரியமில்லை.

அமேசான் காட்டின் இயல்பான மண் சத்தில்லாதது. கொட்டும் மழை எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போய்விடும். கறுப்பு மண்ணிலோ சுற்றுமண்ணைவிட 70 மடங்கு வரை கரி இருப்பதாக 2001-இல் புரூனோ கிளேசர் குழு எழுதியது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கக் கரி மோகம்.

அந்த மோகத்தில் பாதிக் கதை விட்டுப்போனது. அங்கே மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் வந்தது மீன்முள், எலும்பு, மலம், அடுப்புச் சாம்பல் ஆகியவற்றிலிருந்து. கரி செய்தது, வந்ததை ஓடவிடாமல் பிடித்து வைத்தது. மண்ணில் கிடக்கக் கிடக்க அதன் மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து எதிர்மின்னேற்றம் பெறுகிறது. சாம்பல் சத்து, சுண்ணாம்புச் சத்து எல்லாம் அதில் ஒட்டிக்கொள்கின்றன.

இந்தக் கறுப்பு மண்ணை வேண்டுமென்றே உருவாக்கினார்களா? ஆற்று வண்டல்தான் காரணம் என்று 2021-இல் ஓர் ஆய்வு கிளப்பியது, பலர் மறுத்தார்கள். ஷிங்கு ஆற்றுப் பகுதியில் குயிகுரோ மக்கள் இன்றும் குப்பை, சாம்பல், கரியைக் குவித்து மண்ணைக் கறுப்பாக்கி அதில் பயிரிடுகிறார்கள் என்று 2023-இல் வந்த ஆய்வு காட்டியது. எனக்கு அது போதும்.

ஆகவே பருத்திமார்க் கரியை வெறுமனே தூவுவது அமேசான் முறையில்லை. பச்சைக் கரி முதலில் மண்ணின் தழைச்சத்தையே இழுத்து வைத்துக்கொள்ளலாம். மாட்டுக் கோமியத்திலோ மக்கிய தொழுவுரத்திலோ சில வாரம் ஊறட்டும். இன்னொன்று: அமேசான் மண் அமிலத்தன்மை உள்ளது; கரியோ பெரும்பாலும் காரம். நீலகிரித் தோட்டத்துக்கு இது ஒத்துவரும். ஏற்கெனவே காரமான கரிசலில் போடுகிறவர்கள் மண் பரிசோதனை அட்டையைப் பார்த்துவிட்டுப் போடட்டும்.