சைலன்சரின் அடியில் ஒரு சின்னத் துளை

நம் பக்கம் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொதுவான மனக்குறை உண்டு. எஞ்சின் நன்றாக இருக்கும், பெயின்ட் பளபளக்கும், சைலன்சர் மட்டும் சில வருடங்களிலேயே துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிடும். கடப்பாக்கம் கடல் காற்று, மரக்காணம் உப்பளக் காற்று என்று பழியை எல்லாம் காற்றின் மேல் போட்டுவிடுகிறோம். அது பாதி உண்மைதான். சைலன்சரை உள்ளிருந்தும் தண்ணீர் அரிக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெட்ரோலிலிருந்துதான். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். முதலில் என்னாலும் நம்ப முடியவில்லை. செய்யூரிலிருந்து மதுராந்தகம் வரை ஓட்டினால் குழாய் நன்றாகச் சூடேறி, அத்தனையும் ஆவியாகவே வெளியே போய்விடும். வீட்டிலிருந்து பால் கடை, கடையிலிருந்து வீடு என்று ஓட்டினால், சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்குகிறது.

கனடாவில் இருக்கும் என் மைத்துனர் மகன் சொன்னபோதுதான் இதன் முழு விபரீதம் புரிந்தது. அங்கே பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் என்றொரு வண்டி ஓட்டுகிறார்கள். முன்னால் சறுக்குக் கட்டைகள், பின்னால் டாங்கியைப் போல ஒரு பட்டை. கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த பொம்பார்டியர் என்பவர் 1959இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஸ்கீ-டூ வண்டிதான் இதைப் பிரபலமாக்கியது. அங்கும் இளைஞர்கள் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, வெளியே விற்கும் இலேசான, சத்தம் அதிகமான குழாயை மாட்டுகிறார்கள். குழாய் தாழ்வாக வளைந்திருந்தாலோ, அடியில் வடிகால் துளை இல்லாவிட்டாலோ, இரவில் உள்ளே தேங்கிய தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்துவிடும். காலையில் எஞ்சின் மூச்சுவிட வழியில்லாமல் திணறும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் வண்டியைச் சும்மா இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவதில்லை. கிளப்பினால் குழாய் முழுதும் சூடேறும்வரை ஓட்டிவிட்டுத்தான் நிறுத்துவார்கள்.

"மூச்சு" என்று சொன்னேன் அல்லவா, அது என் அண்ணனின் வார்த்தை. செய்யூரில் அவர் வெகுகாலம் மெக்கானிக் பட்டறை வைத்திருந்தார். டி.வி.எஸ். 50, ராஜ்தூத், எஸ்டி, பிறகு 1985இல் வந்த ஆர்.எக்ஸ். 100 எல்லாம் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் சைலன்சருக்குள் பிசுபிசுப்பாகக் கரி படியும். "வண்டி இழுக்கலண்ணே, மைலேஜும் குறைஞ்சு போச்சு" என்று யாராவது வந்தால், அண்ணன் எஞ்சினைத் தொடவே மாட்டார். குழாயின் வாயில் உள்ளங்கையைக் காட்டி, புகை வரும் வேகத்தைப் பார்ப்பார். "மூக்கு அடைச்சிருக்குப்பா, வேற ஒண்ணுமில்ல" என்பார். உள்குழாயை உருவி, நெருப்பில் போட்டுச் சுட்டு, தட்டி, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவி மாட்டுவார். சாயங்காலம் வண்டி சிட்டாகப் பறக்கும்.

இங்கே கரி, அங்கே பனிக்கட்டி, இப்போது நம் வண்டிகளில் தண்ணீரும் உப்பும். சேர்வது வேறு வேறாக இருந்தாலும் நோய் ஒன்றுதான்.

சைலன்சரைச் சத்தம் குறைக்கும் டப்பா என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அது எஞ்சினின் ஒரு பாகமே. குழாய் நடுவில் உப்பி, மறுபடி குறுகினால், புகையோடு போகும் அழுத்த அலை திரும்பி வந்து, எரியாமல் வெளியே நழுவும் பெட்ரோல் கலவையை மறுபடி எஞ்சினுக்குள் தள்ளும். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இதைத் தேர்ந்த வித்தையாக்கினார். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பியோடி, அந்த ரகசியத்தோடு ஜப்பானின் சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தார். மறு வருடமே 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்கு. ஒரு புகைக்குழாயின் வடிவத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது!

இவ்வளவும் எழுதக் காரணம், என் தங்கையின் பேரன். அவனுடைய வண்டியில் சைலன்சர் துருப்பிடித்துவிட்டது. "எப்படியும் மாத்தணும் தாத்தா, நல்லா சவுண்டு வர்ற மாதிரி ஒண்ணு ஆன்லைன்ல பாத்து வச்சிருக்கேன்" என்றான். எஞ்சினிலிருந்து வரும் வளைகுழாயில் வெள்ளை நாடா சுற்றப்போவதாகவும் சொன்னான். அந்த நாடா நம் கடற்கரையில் உப்புத் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் ஈரத்துணிதான். அதற்கடியில் இரும்பு இன்னும் சீக்கிரம் போய்விடும். இன்னொன்று, 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்தக் குழாய்த் தொகுதியோடுதான் இருக்கிறது. பிளாட்டினம் வகை உலோகங்கள் பூசிய பாகம் அது. குழாயோடு அதையும் கழற்றினால் நச்சுப் புகை நேராகத் தெருவுக்கு வரும். மீட்டரில் எஞ்சின் விளக்கும் எரியத் தொடங்கலாம்.

சட்டமும் சும்மா இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இப்படிச் சத்த விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. ஆனால் நான் அவனிடம் அபராதத்தைப் பற்றிப் பேசவில்லை. பெரிய தாத்தாவைப் பற்றித்தான் பேசினேன்.

அண்ணன் காதால் வைத்தியம் பார்த்தவர். வண்டி தெருமுனையில் வரும்போதே "பிஸ்டன் ரிங் போச்சு" என்று சொல்லிவிடுவார். தகரக் கொட்டகைக்குள், சைலன்சர் கழற்றிய வண்டிகளை முறுக்கிப் பார்ப்பதே அவருக்குத் தினசரி வேலை. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது இப்போது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அன்று அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முதலில் குருவிச் சத்தம் போயிற்று. பிறகு பேத்தியின் குரல். போன காது திரும்பவில்லை. கடைசி வருடங்களில் வண்டி மேல் கையை வைத்து, அதிர்வைக் கொண்டுதான் கோளாறு கண்டுபிடித்தார். அதிலும் தப்பாது. ஆனால் யாரோடும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. மறு வாரம் கம்பெனி சைலன்சரையே வாங்கி மாட்டினான். அவனுக்குச் சொன்ன சில விஷயங்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவலாம்.

பல வண்டிகளில் சைலன்சரின் அடியில் ஊசித்துளை போல ஒன்று இருக்கும். அது ஓட்டை இல்லை, தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே வைத்தது. அதை எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள். அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது வண்டியை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள், உள்ளே இருப்பது காய்ந்துவிடும். கடலோரம் போய் வந்தால், குழாய் ஆறிய பிறகு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒரு சுற்று ஓட்டிக் காயவையுங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்ததே, அதுபோன்ற மழையில் வண்டி சைலன்சர் வரை மூழ்கிவிட்டால், உடனே உதைத்துக் கிளப்பாதீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, தண்ணீரை வடித்து, ஆயிலைப் பார்த்த பிறகு கிளப்பலாம்.

பாவம், நல்ல சைலன்சர் சத்தமில்லாமல் வேலை செய்வதால்தான் யாரும் அதைக் கவனிப்பதில்லை.